மொம்பாசா காஜியின் மகன்: அலி மஸ்ரூயியும் விடுதலைக்குப் பிந்தைய ஆப்பிரிக்காவும்

ஆப்பிரிக்கா என்றதும் நம் காதுக்கு வருபவை பஞ்சம், ராணுவப் புரட்சி, இனக் கலவரம் ஆகிய செய்திகள்தான். அந்தக் கண்டம் ஏன் அப்படி ஆனது என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை. மற்றொன்று, அவர்களுக்கு ஆளத் தெரியவில்லை. இந்த இரண்டில் எதையும் முழுமையாக ஏற்காமல் ஐம்பது ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தவர் கென்யாவைச் சேர்ந்த பேராசிரியர் அலி மஸ்ரூயி (1933–2014). அரசியல் அறிவியல் அவருடைய துறை. ஆனால் யுனெஸ்கோ வெளியிட்ட ‘ஆப்பிரிக்காவின் பொது வரலாறு’ எட்டாம் தொகுதியின் பதிப்பாசிரியரும் அவர்தான். காலனி ஆட்சி முடிந்த பிறகு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த அரசியலை உள்ளிருந்தே ஆராய்ந்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர். அவர் ஒரு காஜியின் மகன் என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது.

எனக்கும் நீண்ட நாள் தெரியாது. மதரஸாவை முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்தபோது, ஆப்பிரிக்கா என்ற பாடம் ஐரோப்பியக் கப்பல் வந்து நிற்கும் நாளில் தொடங்கி, அவர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போகும் நாளில் முடிந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் அங்கே மனிதர்கள் இருந்தார்களா என்று பாடநூல் சொல்லவில்லை. மஸ்ரூயி எழுதியது அந்த முன்னையும் பின்னையும் பற்றித்தான்.

கோட்டையும் குடும்பமும்

‘மஸ்ரூயி’ என்பது ஓமானிலிருந்து வந்த அரபுக் குலத்தின் பெயர். கென்யாவின் துறைமுக நகரமான மொம்பாசாவில் போர்ச்சுகீசியர் 1593-இல் ஜீசஸ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1698-இல் ஓமானியர் அதைக் கைப்பற்றினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஓமானின் ஆளுநர்களாக வந்த மஸ்ரூயிகள் நாளடைவில் தன்னாட்சி பெற்று மொம்பாசாவை ஆண்டார்கள். 1837-இல் சுல்தான் சையித் சயீத் அவர்களின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலேயர் வந்தபோது, 1895–96-இல் முபாரக் பின் ராஷித் தலைமையில் எதிர்த்துப் போரிட்டவர்களும் இந்தக் குலத்தினரே.

ஆட்சி போனது, இல்ம் தங்கியது. அலியின் தந்தை ஷைக் அல்அமீன் பின் அலி அல்மஸ்ரூயி (ரஹ்) அவர்கள் கென்யாவின் தலைமைக் காஜி. அந்தக் கடற்கரை முழுவதும் நம் தென்கோடிக் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் பகுதி. ஸ்வாஹிலி மொழியும் நம் அரபுத்தமிழ் போல நெடுங்காலம் அரபு எழுத்தில்தான் எழுதப்பட்டது. ‘ஸ்வாஹிலி’ என்ற சொல்லே ‘ஸவாஹில்’, அதாவது கடற்கரைகள் என்ற அரபுச் சொல்லில் பிறந்தது. ஷைக் அவர்கள் ஃபத்வா கொடுப்பதோடு நின்றுவிடவில்லை. எகிப்தின் முஹம்மது அப்துஹ், ரஷீத் ரிளா ஆகியோரின் சீர்திருத்த எழுத்துகளைப் படித்து, 1930-களின் தொடக்கத்தில் ‘அல்இஸ்லாஹ்’ என்ற இதழை நடத்தினார்கள். முஸ்லிம்கள் நவீனக் கல்வியில் பின்தங்கிப் போவதைக் கண்டித்தார்கள், மேற்கத்திய மோகத்தையும் அதே இதழில் கண்டித்தார்கள். தம் குலத்தின் வரலாற்றையும் அரபியில் எழுதிவைத்தார்கள். அது ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது 1995-இல்தான்.

மகனை அல்அஸ்ஹருக்கு அனுப்பி ஆலிமாக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஆனால் 1947-இல் ஷைக் அவர்கள் வஃபாத்தானார்கள். அப்போது அலிக்குப் பதினான்கு வயது.

பரீட்சையில் தவறியவர்

அடுத்து நடந்ததைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படும் பெற்றோர் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். கேம்பிரிட்ஜ் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வில் அலி மிகக் குறைந்த தகுதியே பெற்றார். கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் அன்று உயர்கல்விக்கு இருந்த ஒரே இடம் உகாண்டாவின் மகரெரே கல்லூரி. அது அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டது. மொம்பாசா முஸ்லிம் கல்வி நிறுவனத்தில் சாதாரண ஊழியராகச் சேர்ந்தார். வேறு வழி தெரியவில்லை.

வழி திறந்தது ஒரு மீலாது மேடையில். நபி (ஸல்) அவர்களின் பிறந்தநாள் நிகழ்ச்சி ஒன்றில் இளைஞர் அலி பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கென்யாவின் ஆங்கிலேய ஆளுநர் சர் பிலிப் மிட்செலும் ஒருவர். அந்தப் பேச்சுதான் அவருக்கு இங்கிலாந்து சென்று படிக்க உதவித்தொகை கிடைக்கக் காரணமானது. காலனி ஆட்சியைப் பின்னாளில் கடுமையாக விமர்சித்தவருக்குக் கல்விக் கதவைத் திறந்துவிட்டவர் ஒரு காலனி ஆளுநர். இதை மஸ்ரூயி மறைத்ததில்லை.

1955-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் விட்ட பள்ளிப்படிப்பை நிறைவு செய்தார். 1960-இல் மான்செஸ்டரில் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம், 1961-இல் நியூயார்க்கின் கொலம்பியாவில் முதுகலை, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு. 1963-இல் விரிவுரையாளராக அவர் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? மாணவராகச் சேர்க்க மறுத்த அதே மகரெரே. 1965-இல், ஆக்ஸ்ஃபோர்டின் முனைவர் பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே, 32 வயதில் அங்கே பேராசிரியரானார்.

விடுதலை வந்தது, ஆட்சி யாருடையது?

1960 ஒரே ஆண்டில் பதினேழு ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. மஸ்ரூயி மகரெரேயில் பாடம் நடத்தத் தொடங்கிய நேரம் அந்த உற்சாகத்தின் உச்சம். தலைவர்களைக் குறை சொல்வது துரோகமாகவே பார்க்கப்பட்டது. அந்த நேரத்தில்தான் அவர் சங்கடமான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தார்.

முதல் கேள்வி எல்லைக்கோடு பற்றியது. 1884–85 பெர்லின் மாநாட்டை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவை வரைபடத்தின் மேல் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டன. ஒரே மொழி பேசும் மக்கள் இரண்டு மூன்று நாடுகளில் சிதறினார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சமூகங்கள் ஒரே நாட்டில் அடைபட்டன. ஐரோப்பிய ஆட்சியை வேண்டாம் என்று விரட்டிய தலைவர்கள், ஐரோப்பியர் போட்ட கோட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 1964-இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, விடுதலையின்போது இருந்த எல்லைகளை அப்படியே மதிப்பது என்று தீர்மானமே போட்டது. தொட்டால் கண்டம் முழுக்கப் போர் வரும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனாலும் ஓர் அரசு தன் மக்களிடமிருந்து அல்லாமல் பழைய எஜமானனின் வரைபடத்திலிருந்து உரிமை பெறுகிறது என்றால் அதன் வேர் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார்.

இரண்டாவது, பாதுகாப்பு. 1964 ஜனவரியில் தங்கனிக்கா, கென்யா, உகாண்டா மூன்று நாடுகளிலும் படைவீரர்கள் கலகம் செய்தார்கள். புதிதாக விடுதலை பெற்ற அரசுகள் அதை அடக்க யாரை அழைத்தன? ஆங்கிலப் படையைத்தான். தங்கனிக்காவின் தலைவர் ஜூலியஸ் நைரேரே இதை அவமானமாக உணர்ந்தார். பிறகு ஆங்கிலேயருக்குப் பதிலாக நைஜீரியப் படை வந்து காவல் நின்றது. மஸ்ரூயியின் ‘பாக்ஸ் ஆஃப்ரிகானா’ என்ற கருத்து இத்தகைய நிகழ்வுகளை வைத்து வளர்ந்தது. ஆப்பிரிக்காவின் அமைதியை ஆப்பிரிக்கர்களே காக்க வேண்டும், அதைச் செய்ய முடியாதவரை விடுதலை அரைகுறைதான் என்பது அதன் சாரம். இந்தப் பெயர் தாங்கிய நூல் 1967-இல் வந்தது. அதே ஆண்டில் வேறு இரண்டு நூல்களும் வெளியிட்டார்.

மூன்றாவது கேள்விதான் பெரும் புயலைக் கிளப்பியது. 1966 பிப்ரவரியில் கானாவின் அதிபர் குவாமே நுக்ருமா ராணுவத்தால் கவிழ்க்கப்பட்டார். ஆப்பிரிக்க விடுதலையின் முதல் முகம் அவர். கம்பாலாவிலிருந்து வங்காளப் பின்னணி கொண்ட ராஜத் நியோகி நடத்திய ‘டிரான்ஸிஷன்’ இதழில் அதே ஆண்டு மஸ்ரூயி ஒரு கட்டுரை எழுதினார். நுக்ருமாவை ‘லெனினிய ஜார்’ என்று அழைத்தது அதன் தலைப்பு. புரட்சி பேசிக்கொண்டே அரசரைப் போல ஆடம்பரத்தில் வாழ்ந்தார் என்பது வாதம். கண்டத்தை ஒன்றிணைக்கக் கனவு கண்டதில் அவர் மாபெரும் ஆப்பிரிக்கர், சொந்த நாட்டை ஆண்டதில் தோற்றவர் என்று பிரித்துக் காட்டினார். விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் சட்டத்தை 1958-லேயே கொண்டுவந்தவர் நுக்ருமா. நாட்டின் மூத்த தலைவர் ஜே.பி. டான்குவா அந்தச் சிறையிலேயே 1965-இல் இறந்தார். இவையெல்லாம் நடந்த உண்மைகள். இருந்தும் கண்டனங்கள் குவிந்தன.

கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் நுக்ருமாவை வெறுத்து எழுதவில்லை. பிற்காலம் முழுவதும் அவரை மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார். இமாமை மதிப்பதும் அவர் தொழுகையில் மறந்தால் பின்னாலிருந்து ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணில்லை. நம் பள்ளிவாசலில் தெரிந்த இந்த ஒழுங்கு அரசியலில் நமக்கே மறந்துவிடுகிறது.

முஸ்லிம் சர்வாதிகாரியும் முஸ்லிம் பேராசிரியரும்

1971 ஜனவரி 25-இல் உகாண்டாவில் இதி அமீன் ஆட்சியைப் பிடித்தார். பிறகு வந்த கதை எல்லோருக்கும் தெரியும் என்றாலும், நாம் சேர்த்துப் பார்க்காத பகுதி ஒன்று உண்டு. அமீன் ஒரு முஸ்லிம். 1972-இல் இஸ்ரேலியர்களை நாட்டைவிட்டு வெளியேற்றினார். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள உகாண்டா 1974-இல் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பில் சேர்ந்தது. அந்த நாட்களில் முஸ்லிம் உலகில் அமீனை வீரராகக் கொண்டாடியவர்கள் குறைவில்லை.

ஆனால் உள்ளே என்ன நடந்தது? 1972 ஆகஸ்டில் ஆசிய வம்சாவளியினர் 90 நாட்களில் வெளியேற வேண்டும் என்ற ஆணை வந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றன. அவர்களில் குஜராத்தி முஸ்லிம்களும் ஏராளம். அதே ஆண்டு தலைமை நீதிபதி பெனடிக்டோ கிவானுக்கா கொல்லப்பட்டார். மகரெரே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஃபிராங்க் கலிமுசோ கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவே இல்லை.

மஸ்ரூயி அப்போது மகரெரேயின் அறியப்பட்ட முகம். மார்க்கமும் ஒன்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் பதவியும் பாதுகாப்பும் நிலைத்திருக்கும். அவர் வெளிப்படையாக விமர்சித்தார். 1973-இல் உகாண்டாவை விட்டு வெளியேற வேண்டிவந்தது. பேராசிரியராக்கிய மகரெரே அவருக்கு மீண்டும் கதவடைத்தது.

வெளியேறிய பிறகு அவர் செய்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அமீனைத் திட்டி ஒரு நூல் எழுதியிருந்தால் மேற்கில் கையில் வைத்துத் தாங்கியிருப்பார்கள். அவர் எழுதிய ‘உகாண்டாவின் படைவீரர்களும் உறவினர்களும்’ (1975) என்ற ஆய்வு, அமீன் போன்றவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டது. ஆங்கிலேயர் உகாண்டாவின் தெற்கிலிருந்த பகண்டா மக்களுக்குப் பள்ளிக்கூடத்தையும் அலுவலக வேலையையும் கொடுத்தார்கள். வடக்கிலிருந்த சமூகங்களைப் படைக்கு ஆள் எடுக்கும் களமாக வைத்துக்கொண்டார்கள். போதிய பள்ளிப்படிப்பில்லாத இளைஞர்கள் ‘கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ்’ படையில் சேர்ந்தார்கள். அமீனும் அப்படிச் சேர்ந்தவர்தான். விடுதலைக்குப் பிறகு பேனா ஒரு பக்கமும் துப்பாக்கி மறுபக்கமும் நின்றன. அதிபராக இருந்த பகண்டா மன்னருக்கு எதிராக 1966-இல் பிரதமர் ஒபோட்டே படையை ஏவினார். அரண்மனையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கியவர் அமீன். ஐந்து ஆண்டுகளில் அதே துப்பாக்கி ஒபோட்டே பக்கம் திரும்பியது. இப்படி வர்க்கத்தாலும் கல்வியாலும் ஒதுக்கப்பட்டு, கையில் ஆயுதம் மட்டும் உள்ள கூட்டத்துக்கு மஸ்ரூயி ‘லும்பன் மிலிட்டேரியட்’ என்று பெயர் வைத்தார். அரசியல் அறிவியலில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

அமீன் உள்நாட்டில் கொடுங்கோலர், வெளியுலகில் வல்லரசுகளுக்கு அடங்காத சின்னம் என்று இரண்டையும் மஸ்ரூயி எழுதினார். இது பலருக்குப் பிடிக்கவில்லை. கொலைகாரனுக்கு இரண்டாம் பக்கம் எதற்கு என்று கேட்டார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மும்மரபு: இஸ்லாம் விருந்தாளியா, வீட்டுக்காரரா?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1974 முதல் பணியாற்றினார். 1979-இல் பி.பி.சி. வானொலியின் புகழ்பெற்ற ரீத் உரைகளை நிகழ்த்தினார். ‘ஆப்பிரிக்காவின் நிலை’ என்ற அந்த ஆறு உரைகளும் முரண்களால் ஆனவை. மனித இனம் முதலில் தோன்றிய கண்டம், வாழ்வதற்குக் கடைசியாகத் தகுதி பெறுகிறது. உலக வரைபடத்தின் நடுவில் இருக்கிறது, உலக அதிகாரத்தின் ஓரத்தில் நிற்கிறது. வல்லரசுகள் அணுகுண்டைக் கைவிடாதவரை ஆப்பிரிக்காவும் அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த உரையில் அவர் சொன்னது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

வீடுகள்தோறும் அவர் பெயரைக் கொண்டுசேர்த்தது 1986-இல் பி.பி.சி.யும் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியும் ஒளிபரப்பிய ஒன்பது பகுதித் தொடர், ‘ஆப்பிரிக்கர்கள்: ஒரு மும்மரபு’. இன்றைய ஆப்பிரிக்கா மூன்று மரபுகள் கலந்தது என்பது அதன் அடிப்படை. முதலாவது மண்ணின் பழைய மரபு. இரண்டாவது இஸ்லாம். மூன்றாவது மேற்கு. இந்தக் கருத்து அவர் ஒருவரே கண்டுபிடித்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் பிளைடனும் 1964-இல் நுக்ருமாவும் இதற்கு நெருக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதை ஓர் ஆய்வு முறையாக வளர்த்து, திரையில் காட்டியவர் மஸ்ரூயி.

நமக்கு இதில் என்ன? இஸ்லாத்தை அவர் எந்தக் கணக்கில் வைத்தார் என்பதுதான். ஆப்பிரிக்காவில் இஸ்லாம் வெளியிலிருந்து வந்த அரபுச் சரக்கு என்று சொல்பவர்கள் அங்கும் உண்டு. ஆனால் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்வதற்கு முன்பே ஸஹாபாக்களில் ஒரு கூட்டம் ஹபஷாவில் நஜ்ஜாஷி மன்னரிடம் அடைக்கலம் பெற்றது. அதாவது மதீனாவில் இஸ்லாமியச் சமூகம் அமைவதற்கு முன்பே ஆப்பிரிக்க மண்ணில் தொழுகை நடந்திருக்கிறது. திம்புக்துவின் கல்விக்கூடங்களும் கையெழுத்துச் சுவடிகளும் ஐரோப்பியர் உள்நாட்டுக்குள் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. இத்தனை தலைமுறை வாழ்ந்த பிறகும் ஒரு மரபை விருந்தாளி என்று எப்படிச் சொல்வது?

மேற்கைப் பற்றி அவர் சொன்னது கசப்பானது. ஆப்பிரிக்கா மேற்கிடமிருந்து தவறான பாதியை எடுத்துக்கொண்டது என்றார். கைக்கடிகாரம் கட்டக் கற்றோம், நேரம் தவறாமையைக் கற்கவில்லை. நுகரக் கற்றோம், உற்பத்தி செய்யக் கற்கவில்லை. முதலாளித்துவத்தின் பேராசை வந்துவிட்டது, அதன் ஒழுங்கு வரவில்லை. குற்றம் கொடுத்தவரிடமும் உண்டு, எடுத்தவரிடமும் உண்டு.

அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. தொடருக்குப் பண உதவி செய்த மனிதவியல் தேசிய நிதியத்தின் தலைவர் லின் செனி, இது மேற்கைத் தாக்கும் படம் என்று சொல்லி நிதியத்தின் பெயரைப் படத்திலிருந்து நீக்கச் செய்தார். ஆப்பிரிக்காவுக்குள்ளிருந்தும் எதிர்ப்பு வந்தது. அதே 1986-இல் நோபல் பரிசு பெற்ற நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயின்கா, தொடர் இஸ்லாத்தை உயர்த்தி ஆப்பிரிக்காவின் சொந்தச் சமயங்களைத் தாழ்த்திவிட்டது என்றார். இருவரும் ஆண்டுக்கணக்கில் எழுத்தில் மோதினார்கள். மொழி சில இடங்களில் தரம் தாழ்ந்தது, இரு பக்கத்திலும்.

சோயின்கா போன்றவர்கள் எழுப்பிய ஒரு கேள்வியை நாம் தாண்டிப்போகக் கூடாது. அது கிழக்குக் கரையின் அடிமை வியாபாரம். சான்சிபார் அடிமைச் சந்தை 1873 வரை திறந்திருந்தது. அங்கே விற்றவர்களிலும் வாங்கியவர்களிலும் நம் கலிமாவைச் சொன்னவர்கள் இருந்தார்கள். கடற்கரையின் அரபுப் பெருங்குடும்பங்கள் அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்தின. மஸ்ரூயி குலமும் விதிவிலக்கல்ல. அட்லாண்டிக் அடிமை முறையைப் போல இங்கே நிற வெறி இறுகவில்லை, அடிமைப் பெண்ணுக்கும் அரபுத் தந்தைக்கும் பிறந்த பிள்ளை தந்தையின் குலத்திலேயே சேர்ந்தது என்று மஸ்ரூயி வேறுபாடு காட்டினார். அந்த வேறுபாடு உண்மை. ஆனால் பிடிக்கப்பட்டு நடத்திவரப்பட்டவருக்கு அது என்ன ஆறுதல்? அடிமையை விடுதலை செய்வதை வணக்கமாக்கிய மார்க்கத்தைப் பின்பற்றியவர்களே அந்தச் சந்தையில் நின்றார்கள் என்பதை இன்னும் அழுத்தமாக அவர் எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம். அட்லாண்டிக் அடிமை முறைக்கும் காலனி ஆட்சிக்கும் இழப்பீடு கோர ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1992-இல் அமைத்த சான்றோர் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார் என்பதால், இந்த எதிர்பார்ப்பு அதிகமாகிறது.

வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

யுனெஸ்கோவின் எட்டாம் தொகுதி ‘1935 முதல் ஆப்பிரிக்கா’ 1993-இல் வெளிவந்தது. ஏன் 1935? இரண்டாம் உலகப் போர் 1939-இல் தொடங்கியது என்பது ஐரோப்பியக் கணக்கு. முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் படையோடு புகுந்தது 1935 அக்டோபரில். காலனியாகாமல் தப்பிநின்ற நாடு அது. அந்தப் படையெடுப்பு உலகெங்கும் இருந்த கறுப்பின மக்களை உலுக்கி, விடுதலை உணர்வைக் கூட்டியது. ஆப்பிரிக்காவின் பார்வையில் காலத்தைப் பிரித்தால் நவீன அரசியலின் வாசல் அங்கேதான் இருக்கிறது.

அவருடைய எல்லா முடிவுகளும் சரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சோமாலியா சிதைந்து, ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்த 1994-இல், நொறுங்கிப்போன நாடுகளைச் சிறிது காலம் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் அறங்காவலில் வைக்கலாம் என்று எழுதினார். இதை ஒருவகை மறுகாலனியாக்கம் என்று அவரே அழைத்தார். தென்னாப்பிரிக்க அறிஞர் ஆர்ச்சி மஃபேஜே கடுமையாகச் சாடினார். ‘பாக்ஸ் ஆஃப்ரிகானா’ எழுதிய கை இதை எழுதலாமா என்ற வருத்தம் பலருக்கும் இருந்தது. அதேபோல, இஸ்லாமியச் சட்டம் பற்றி அவர் சொன்ன சில கருத்துகளை உலமாக்கள் ஏற்கமாட்டார்கள், நானும் ஏற்கவில்லை. அவர் ஃபகீஹ் அல்ல, அரசியல் ஆய்வாளர். அந்த எல்லையைத் தெரிந்துகொண்டு படித்தால் குழப்பம் இல்லை.

மொழி விஷயத்திலும் ஒரு நெருடல் உண்டு. தந்தை தம் சமூகத்துக்குப் புரியும் ஸ்வாஹிலியில் இதழ் நடத்தினார்கள். மகனின் நூல்களெல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தை ஆப்பிரிக்கர்கள் தங்களுடையதாக்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவருடைய நாட்டவரான எழுத்தாளர் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழியான கிகூயுவுக்குத் திரும்பியவர். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கடைசிப் பயணம்

1990-களில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் உலகப் பண்பாட்டு ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். 2003-இல் இரண்டு சம்பவங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது மயாமி விமான நிலையத்தில் எழுபது வயதான அவரைப் பல மணி நேரம் நிறுத்திவைத்து விசாரித்தார்கள். செப்டம்பர் 11-க்குப் பிந்தைய அமெரிக்காவில், முப்பது ஆண்டுகளாக அங்கே கற்பித்த பேராசிரியருக்கும் அதுதான் நிலை. அதே ஆண்டு கென்யாவின் புதிய அதிபர் முவாய் கிபாகி, ஜோமோ கென்யாட்டா விவசாய, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக அவரை நியமித்தார். அதுவரை கென்யாவின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் நாட்டின் அதிபரே வேந்தராக இருப்பது வழக்கம்.

2014 அக்டோபர் 12 அன்று அமெரிக்காவில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 81. அவருடைய விருப்பப்படி ஜனாஸா மொம்பாசாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜீசஸ் கோட்டைக்கு அருகே, முன்னோர்கள் துயிலும் மஸ்ரூயி குடும்ப மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது.